10.8 எங்கிருந்து வந்தது?

வாசகர் கேள்வி – பதில்: இயற்பியல்

செய்முறைத் தேர்வுகள் முடிந்த கையோடு வந்து சேர்ந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஊசலையும் சுருள்வில்லையும் பற்றியவையாக இருந்தன. அவற்றுள் நான்கை இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டேன். எழுதியவர்களில் பலர் பள்ளி மாணவர்கள் என்பதால் எவர் பெயரையும் வெளியிடவில்லை.

கேள்வி: ஐயா, பிளஸ் ஒன் செய்முறைத் தேர்வில் எனக்குப் புவியீர்ப்பு முடுக்கத்தை (மீ/வி²) அளக்கும் தனி ஊசல் சோதனை வந்தது. தேர்வு முடிந்ததும் சைக்கிள் நிறுத்தும் இடத்தில் ஐந்து பேர் நின்று விடைகளை ஒப்பிட்டுப் பார்த்தோம். ஒருத்திக்கு 9.77, இன்னொருத்திக்கு 9.62, மற்றொருத்திக்கு 9.45, நான்காமவளுக்கு மிகச் சரியாக 9.80. எனக்கு மட்டும் 10.84. நான் 80, 90, 100 செ.மீ. நீளங்களுக்கு 20 அலைவுகளின் நேரத்தை முறையே 34.1, 36.2, 38.2 விநாடி என்று குறித்தேன். கடிகாரத்தில் கண்டதைத்தான் எழுதினேன், எதையும் மாற்றவில்லை. வீட்டுக்கு வந்து கணக்கை மூன்று முறை போட்டுப் பார்த்தேன், அதிலும் பிழை இல்லை. நான் எங்கே தவறினேன்? 9.80 எழுதியவள்தான் சரியாகச் செய்தவளா? என் மதிப்பெண் போய்விடுமோ என்று கவலையாக இருக்கிறது.
– பிளஸ் ஒன் மாணவி, தென்காசி மாவட்டம்

பதில்: விடையோடு நிறுத்திக்கொள்ளாமல் அளவீடுகளையும் எழுதி அனுப்பினீர்களே, அதற்காக முதலில் உங்களைப் பாராட்டுகிறேன். 10.84 என்ற எண் மட்டும் வந்திருந்தால் என்னால் ஊகிக்க மட்டுமே முடிந்திருக்கும். மூன்று நேரங்களும் கையில் இருப்பதால் ஏறத்தாழ உறுதியாகவே சொல்கிறேன்: 20 அலைவுகள் என்று நீங்கள் குறித்தவை உண்மையில் 19 அலைவுகள்.

எப்படித் தெரிகிறது என்று பார்ப்போம். ஊசலின் நீளத்தை (மீட்டரில்) ஓர் அலைவுக்கு ஆகும் நேரத்தின் இருமடியால் வகுத்தால் வரும் ஈவு எல்லா நீளங்களுக்கும் ஒன்றாகவே இருக்க வேண்டும் என்பது இந்தச் சோதனையின் உயிர்நாடி. அந்த ஈவை 39.48 ஆல், அதாவது நான்கு பை இருமடியால், பெருக்கினால் புவியீர்ப்பு முடுக்கம் கிடைத்துவிடும். உங்கள் அளவீடுகளுக்கு அந்த ஈவு 0.275, 0.275, 0.274 என்று வருகிறது. மூன்றும் இவ்வளவு நெருக்கமாக அமைய வேண்டுமானால் நீளத்தைக் கவனமாக அளந்திருக்க வேண்டும், கடிகாரத்தை ஒரே சீராக அழுத்தியிருக்க வேண்டும். ஆனால் விடை 9.8 ஆக அமைய அது 0.248 ஐ ஒட்டி வந்திருக்க வேண்டும். 0.248 ஐ 0.275 ஆல் வகுத்தால் 0.90 வருகிறது, 19 ஐ 20 ஆல் வகுத்து இருமடியாக்கினாலும் அதே 0.90தான் வருகிறது. உங்கள் மூன்று நேரங்களையும் 20 க்குப் பதிலாக 19 ஆல் வகுத்துக் கணக்கிட்டுப் பார்த்தேன், சராசரி 9.79 என்று கிடைத்தது.

குண்டு நடுக்கோட்டைக் கடக்கும்போது கடிகாரத்தை அழுத்திக்கொண்டே 'ஒன்று' என்று சொல்லியிருப்பீர்கள். அந்தக் கணத்தில் ஓர் அலைவும் முடிந்திருக்கவில்லை. பிறந்த அன்றைக்கே குழந்தைக்கு ஒரு வயது என்று நாம் சொல்வதில்லை. ஓர் ஆண்டு ஓடி முடிந்த பிறகுதான் ஒன்று என்கிறோம். வேலிக்கு 20 கல் நட்டால் இடைவெளி 19தான். நீங்கள் கற்களை எண்ணிவிட்டு இடைவெளிகளை எண்ணியதாகக் கொண்டுவிட்டீர்கள். அழுத்தும்போது 'சுழியம்' என்று சொல்லியிருந்தால், 'இருபது' என்ற சொல்லோடு இருபது அலைவுகளும் முழுமையாக முடிந்திருக்கும்.

வேறு காரணம் இருக்க முடியாதா என்று நீங்கள் கேட்கலாம், கேட்கவும் வேண்டும். நீளத்தை ஒரே அளவு கூடுதலாக அளந்திருந்தால் அந்தப் பிழை சிறிய நீளத்தில் பெரிதாகவும் பெரிய நீளத்தில் சிறிதாகவும் தெரியும்; அப்போது ஈவுகள் மூன்றும் ஒன்றாக நிற்காமல் 80 செ.மீ.யிலிருந்து 100 செ.மீ.க்குப் போகப் போகத் தெளிவாக இறங்கியிருக்கும். கடிகாரமே மெதுவாக ஓடியிருந்தால் உங்களுக்கு வந்ததைப் போன்ற சீரான பிழை வரக்கூடும். ஆனால் அதற்கு அது மணிக்கு மூன்று நிமிடம் பின்தங்க வேண்டும். அத்தகைய கடிகாரம் ஆய்வகத்தில் ஒரு வாரம்கூட யார் கண்ணிலும் படாமல் இருக்காது. ஆகவே எண்ணிக்கைதான்.

ஆய்வகத்தில் நான் நின்ற ஆண்டுகளில் இந்த 10.8 ஐ எத்தனையோ ரெக்கார்டு நோட்டுகளில் பார்த்திருக்கிறேன். அதற்கு ஓர் உடன்பிறப்பும் உண்டு: ஓர் அலைவைத் தவறவிட்டு 21 ஐ 20 என்று எண்ணியவருக்கு 8.87 ஐ ஒட்டிய விடை வரும். குண்டு இடக்கோடியிலிருந்து வலக்கோடிக்குப் போவதையே ஓர் அலைவு என்று கொண்டவருக்கு அலைவு நேரம் பாதியாகி, விடை நான்கு மடங்காகி, 39 என்று வந்து நிற்கும். தவறான விடை தான் பிறந்த வழியைத் தன் மேலேயே எழுதி வைத்திருக்கிறது என்பதால்தான் அதை அழித்துவிட்டு 9.8 என்று எழுதும் பிள்ளைகளைக் கண்டால் எனக்கு வருத்தமாக இருக்கும்.

இனி உங்கள் தோழிகளுக்கு வருவோம். 9.62 வந்தவரிடம், நீளத்தை எதுவரை அளந்தார் என்று கேளுங்கள். இழையைப் பிடித்திருக்கும் தக்கையின் அடியிலிருந்து இழை முடியும் இடம் வரை மட்டும் அளந்திருந்தால் குண்டின் கொக்கியும் ஆரமும் விடுபட்டிருக்கும். இரண்டும் சேர்ந்து ஒன்றரை செ.மீ. இருந்தால் 80 செ.மீ.க்கு 9.60 உம் 100 செ.மீ.க்கு 9.64 உம் கிடைக்கும். 50 செ.மீ.யிலும் ஓர் அளவீடு எடுத்திருந்தால் அது 9.50 க்கு இறங்கி, பிழையைக் காட்டிக் கொடுத்திருக்கும். ஊசலின் நீளம் தொங்கும் புள்ளியிலிருந்து குண்டின் மையம் வரை என்பதை எல்லாரும் எழுதிவிடுகிறார்கள்; வெர்னியர் அளவியால் விட்டத்தை அளந்து, பாதியாக்கி, கொக்கியின் நீளத்தோடு சேர்த்துக் கூட்டும் வேலையில்தான் கை தவறுகிறது. இந்தப் பிழைக்கு ஓர் அருமையான மருந்து உண்டு. நீளத்தையும் அலைவு நேரத்தின் இருமடியையும் வரைபடமாக வரைந்து, நேர்க்கோட்டின் சாய்விலிருந்து விடையைக் கணக்கிட்டால், விடுபட்ட ஒன்றரை செ.மீ. சாய்வைத் தொடவே தொடாது. கோடு ஆதிப்புள்ளியை (0, 0) விட்டுச் சற்று விலகிச் செல்வதோடு அதன் வேலை முடிந்துவிடும். உங்கள் பிழையை வரைபடத்தாலும் காப்பாற்ற முடியாது என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் தவறான எண்ணிக்கை சாய்வையே மாற்றிவிடுகிறது.

9.45 வந்தவர் ஊசலை அகலமாக வீசிவிட்டிருக்கக்கூடும். நம் சூத்திரம் சிறிய வீச்சுக்கு மட்டுமே பொருந்தும். வீச்சுக் கோணம் 5 பாகையாக இருந்தால் அலைவு நேரம் ஏறத்தாழ 0.05 விழுக்காடுதான் கூடுகிறது. 30 பாகையாக இருந்தால் 1.7 விழுக்காடு கூடி, விடை ஏறத்தாழ 9.45 க்கு இறங்குகிறது. இதுவே காரணம் என்று அவர் அட்டவணையைப் பார்க்காமல் நான் உறுதி கூற மாட்டேன். வீச்சு எவ்வளவு இருந்தது என்று அவர் நினைவுபடுத்திப் பார்க்கட்டும்.

9.80 எழுதியவரைப் பற்றி நான் எந்த ஐயத்தையும் கிளப்ப விரும்பவில்லை. சராசரி தற்செயலாக அங்கே விழுந்திருக்கலாம். ஆனால் அவருடைய மூன்று நீளங்களுக்கும் தனித்தனியே 9.80, 9.80, 9.80 என்றே வந்திருந்தால், அது மனிதக் கை எடுத்த அளவீடாக இருப்பது அரிது. 40 விநாடியில் பத்தில் ஒரு விநாடி முன்பின் ஆனாலே விடை 0.05 நகர்ந்துவிடும். 9.74, 9.81, 9.77 என்று சற்றே சிதறிக் கிடக்கும் அட்டவணையைத்தான் அனுபவமுள்ள ஆசிரியர் நம்புவார். மூன்று மாணவர்களின் தாள்களில் 40.14 என்ற ஒரே நேரம் நூறில் ஒரு பங்கு வரை ஒத்துப்போனால், ஒரு மீட்டர் ஊசலுக்கு 9.80 இலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டால் வரும் எண் அதுவே என்பது அவருக்குத் தெரியும்.

மதிப்பெண்ணைப் பற்றிக் கவலைப்பட்டிருக்கிறீர்கள். சூத்திரம், அட்டவணை, கணக்கீடு, அலகு ஆகிய ஒவ்வொன்றையும் பார்த்துத்தான் செய்முறைத் தாளைத் திருத்துவார்கள். இறுதி எண் ஒன்றை வைத்துக்கொண்டு முழுவதையும் தள்ளிவிடுவதில்லை. அடுத்த முறை சைக்கிள் கொட்டகையில் கூடும்போது கடைசி வரியை விட்டுவிட்டு, அட்டவணையின் கடைசிப் பத்தியை, அந்த ஈவுகளை, ஒப்பிட்டுப் பாருங்கள். ஒருவருடைய ஈவுகள் தமக்குள் ஒத்துப்போகின்றனவா, போகாவிட்டால் எந்தத் திசையில் நகர்கின்றன என்பதை ஐந்து பேரும் சேர்ந்து பார்த்தால், நான் மேலே எழுதிய அனைத்தையும் நீங்களே கண்டுபிடித்திருப்பீர்கள்.

கேள்வி: என் மகனுக்கு இதே சோதனையில் 9.6 வந்திருக்கிறது. எங்கள் ஊர் மலை மேல் இருப்பதால் புவியீர்ப்பு குறைந்துவிட்டது என்று அவன் சொல்கிறான். உண்மையா? புத்தகத்தில் உள்ள 9.8 எல்லா ஊருக்கும் பொருந்தாதா?
– ஒரு தந்தை, கொடைக்கானல்

பதில்: உங்கள் மகன் சொல்லும் காரணம் தவறு என்றாலும், அதன் பின்னால் இருக்கும் எண்ணம் மிகவும் சரியானது. கொடைக்கானல் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அந்த உயரத்தால் புவியீர்ப்பு முடுக்கம் குறைவது 0.01 க்கும் கீழே. ஒரு மீட்டர் ஊசலின் 20 அலைவுகளுக்கு ஆகும் 40 விநாடியில், அது ஒரு விநாடியின் நூறில் ஒரு பங்கு அளவுக்குத்தான் மாற்றத்தைத் தரும். கையால் அழுத்தும் கடிகாரத்தில் அது தெரியவே தெரியாது. 9.6 க்குக் காரணம் நீளத்திலோ வீச்சிலோ எண்ணிக்கையிலோ இருக்கிறது. முந்தைய பதிலை மகனோடு சேர்ந்து படித்துப் பாருங்கள்.

ஆனால் புவியீர்ப்பு ஊருக்கு ஊர் மாறுவது உண்மை. அதை உலகம் அறிந்துகொண்டதே, இரண்டு விடைகள் ஒத்துப்போகாததால்தான். பிரெஞ்சு வானியலாளர் ழான் ரிஷே 1672 இல் நிலநடுக்கோட்டிற்கு அருகே, தென் அமெரிக்காவில் உள்ள கயேன் என்னும் இடத்திற்குச் சென்றபோது, பாரிஸில் சரியாக ஓடிய ஊசல் கடிகாரம் அங்கே நாளொன்றுக்கு ஏறத்தாழ இரண்டரை நிமிடம் பின்தங்குவதைக் கண்டார். அதைச் சரிசெய்ய ஊசலை மூன்று மி.மீ.க்குச் சற்றுக் குறைவாகச் சுருக்க வேண்டியிருந்தது. வெப்ப நாட்டில் ஊசலின் உலோகம் நீண்டிருக்கலாம் என்ற ஐயம் இயல்பாக எழக்கூடியது. நியூட்டன் 1687 இல் முதலில் வெளியிட்ட தம் பெருநூலில், பின்வந்த பதிப்புகளையும் சேர்த்து, இந்த வேறுபாட்டை எடுத்துக்கொண்டு, வெப்பத்தால் மட்டும் இவ்வளவு நீட்சி வராது என்று காட்டினார். பூமி தன்னைத் தானே சுற்றுவதும், அதனால் நிலநடுக்கோட்டில் புடைத்து, துருவங்களில் சற்றுத் தட்டையாக இருப்பதும்தான் காரணம் என்று விளக்கினார். ரிஷே தம் அளவீட்டைப் பாரிஸ் விடைக்கு ஏற்றவாறு திருத்தி எழுதியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் அடிக்கடி எண்ணிப் பார்ப்பதுண்டு.

நம் ஊரிலும் அந்த அளவீடு நடந்திருக்கிறது. சென்னை வானாய்வகத்தின் தலைவராக இருந்த ஜான் கோல்டிங்ஹாம், இயற்பியலாளர் ஹென்றி கேட்டர் இங்கிலாந்தில் கையாண்ட முறையைப் பின்பற்றி, ஒரு விநாடியில் ஒரு பக்கம் செல்லும் ஊசலின் நீளத்தைச் சென்னையில் 1821 இல் அளந்தார். இலண்டனில் அந்த ஊசலின் நீளம் ஏறத்தாழ 99.4 செ.மீ.; சென்னையில் ஏறத்தாழ 99.1 செ.மீ. அந்த மூன்று மி.மீ. வேறுபாடுதான் இலண்டனின் 9.81 க்கும் சென்னையின் 9.78 க்கும் உள்ள வேறுபாடு. கோல்டிங்ஹாம் பணிபுரிந்த வானாய்வகத்தின் பணிகள் 1899 இல் உங்கள் கொடைக்கானலுக்கு மாற்றப்பட்டன என்பதை மகனுக்குச் சொல்லுங்கள்; அங்கே சூரிய ஆய்வகத்தைப் பார்க்கப் போகும்போது இந்த ஊசலும் நினைவுக்கு வரட்டும்.

தமிழ்நாடு முழுவதற்கும் 9.78 என்று கொள்வது பொருத்தம். 9.8 என்பது அதையே ஒரு தசம இலக்கத்திற்குச் சுருக்கி எழுதியதுதான். பள்ளிச் சோதனையின் பிழை எல்லைக்குள் இரண்டும் ஒன்றே.

கேள்வி: சுருள்வில் மாறிலியைக் கணக்கிடும் சோதனையில் எனக்கு 10.1 வந்தது. அடுத்த மேசையில் இருந்த நண்பனுக்கு 24. இன்னொருவனுக்கு 9,800. யாருடையது சரி?
– பிளஸ் ஒன் மாணவன், திருவாரூர் மாவட்டம்

பதில்: உங்களுடையதும் அடுத்த மேசைக்காரருடையதும் இரண்டுமே சரியாக இருக்கலாம். புவியீர்ப்பு ஊர் முழுவதற்கும் பொது. வில் எவ்வளவு விறைப்பானது என்று காட்டும் சுருள்வில் மாறிலியோ அந்தந்த வில்லுக்கே உரியது. ஒரே பெட்டியிலிருந்து எடுத்த இரண்டு வில்கள்கூட ஒன்றாக இருக்க வேண்டியதில்லை, அதிலும் பல ஆண்டுகள் பல கைகள் இழுத்த பள்ளி வில்கள் நிச்சயமாக ஒன்றாக இருக்காது. ஆகவே இந்தச் சோதனையில் நண்பர்களின் விடைகளை ஒப்பிடுவதில் பொருளே இல்லை. மூன்றாமவர் நிறையைக் கிலோகிராமாக மாற்றாமல் கிராமிலேயே போட்டிருக்கிறார். ஆயிரத்தால் வகுத்தால் 9.8 என்ற ஏற்கத்தக்க விடை வந்துவிடும்.

இந்தச் சோதனையில் நான் அதிகம் வற்புறுத்த விரும்புவது வேறொன்று. நிறைகளின் வேறுபாட்டை அலைவு நேர இருமடிகளின் வேறுபாட்டால் வகுத்து 39.48 ஆல் பெருக்குவதாக நம் சூத்திரம் அமைந்திருப்பதற்குக் காரணம், கழிக்கும்போது நிறைதாங்கியின் நிறையும் வில்லின் சொந்த நிறை செய்யும் பங்கும் அடிபட்டுப் போவதுதான். ஆனால் கழித்தலுக்கு ஒரு விலை உண்டு. 100 கிராமுக்கு 20 அலைவுகள் 12.6 விநாடி, 150 கிராமுக்கு 15.4 விநாடி என்று வைத்துக்கொண்டால் விடை 10.1. இரண்டாவது நேரத்தை 15.6 என்று எடுத்துவிட்டால், அதாவது ஒரு விநாடியில் ஐந்தில் ஒரு பங்கு பிசகினால், விடை 9.3 க்கு இறங்கிவிடுகிறது. நேரத்தில் வந்த பிழை ஒன்றேகால் விழுக்காடு, விடையில் வந்த பிழை ஏழு விழுக்காட்டுக்கு மேல். ஆகவே ஒன்றுக்கொன்று நெருங்கிய இரு நிறைகளைத் தேர்ந்தெடுக்காமல், வில் தாங்கும் அளவுக்குத் தள்ளி நிற்கும் நிறைகளை எடுத்துக்கொள்வது நல்லது. வில் ஊசலைவிட வேகமாக அலைவதால் எண்ணிக்கை தவறும் வாய்ப்பும் இங்கே கூடுதல். 19, 20 குழப்பம் வந்தால் இங்கேயும் விடை அதே 11 விழுக்காடு ஏறிவிடும்.

கேள்வி: குண்டைக் கையிலிருந்து விடும்போதே கடிகாரத்தை அழுத்த வேண்டும் என்று சிலரும், நடுவில் வரும்போது அழுத்த வேண்டும் என்று சிலரும் சொல்கிறார்கள். எது சரி? ஏன் 20 அலைவுகள்?
– தனித்தேர்வர், சேலம்

பதில்: நடுவில் வரும்போதுதான். கோடியில் குண்டு ஏறத்தாழ நின்றுவிடுவதால், எந்தக் கணத்தில் திரும்பியது என்று கண்ணால் பிரித்தறிய முடியாது. நடுக்கோட்டை அது மிக வேகமாகக் கடப்பதால் அந்தக் கணம் தெளிவாகத் தெரியும். விடும்போது கை கொடுக்கும் சிறு தள்ளலும் முதல் அலைவைக் கெடுக்கும். ஊசலுக்குப் பின்னால் மேசையிலோ சுவரிலோ சுண்ணக்கட்டியால் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். இரண்டு மூன்று அலைவுகளைப் போகவிட்டு, குண்டு ஒரே தளத்தில், வட்டமடிக்காமல் ஆடுகிறதா என்று பாருங்கள். பிறகு குண்டு இடமிருந்து வலமாகக் கோட்டைக் கடக்கும் ஒவ்வொரு முறையும் 'மூன்று, இரண்டு, ஒன்று' என்று இறங்கி எண்ணி, 'சுழியம்' என்னும்போது அழுத்துங்கள். இப்படித் தாளத்தோடு சேர்ந்து அழுத்தினால், திடீரென்று ஒன்றைக் கண்டு அழுத்தும்போது ஏற்படும் தாமதம் பெரும்பாலும் நீங்கிவிடுகிறது.

அந்தத் தாமதம் பொதுவாக 0.2 விநாடியை ஒட்டியது. தொடக்கத்திலும் முடிவிலும் ஒரே அளவாக இருந்தால் ஒன்றையொன்று ஈடுசெய்துவிடும். ஆனால் முழுமையாக ஈடுசெய்யும் என்று நம்ப முடியாது. இரண்டு விநாடி எடுக்கும் ஒரே அலைவில் 0.2 விநாடி தவறினால் நேரத்தில் 10 விழுக்காடும் விடையில் 20 விழுக்காடும் போய்விடும். அதே தவறு 20 அலைவுகளின் 40 விநாடியில் அரை விழுக்காடாகச் சுருங்கி, விடையில் ஒரு விழுக்காடு ஆகிறது. நூறு அலைவுகள் எடுத்தால் இன்னும் நல்லதுதான், ஆனால் எண்ணும் மனம் களைத்துவிடும், வீச்சும் குறைந்துவிடும். இருபது ஒரு நல்ல இணக்கம்.

ஒவ்வொரு நீளத்திற்கும் இரண்டு முறையாவது நேரம் எடுங்கள். ஒரு மீட்டர் ஊசலுக்கு முதல் முறை 40.2, இரண்டாம் முறை 38.2 என்று வந்தால், வேறுபாடு சரியாக ஓர் அலைவு நேரம் என்பதைக் கவனித்து, எண்ணிக்கை தவறியிருக்கிறது என்று அங்கேயே அறிந்துகொள்ளலாம். எது தவறியது என்று ஊகிக்காமல் மூன்றாம் முறை எடுங்கள். அது 40.1 என்று வந்தால், 38.2 ஐ ரப்பரால் அழிக்காமல் ஒரே கோடாக அடித்துவிட்டு, பக்கத்தில் 'எண்ணிக்கைப் பிழை' என்று எழுதி, மற்ற இரண்டின் சராசரியைக் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.